வேனிலை வெல்லும் வீடு

உரைநடை உலகம்

நுழையும்முன்

வெயிலுக்கும் மழைக்கும் குளிருக்கும் ஒதுங்கும் இடமே வீடு. ஆனால், வெளியைக் காட்டிலும் உள்ளே மிகுதியாகப் புழுங்கும் வீடுகள் இன்று நம் ஊர்களில் பெருகியுள்ளன. சொந்த வீட்டில் வாழ்வோர் கூரையை மாற்றியமைக்கலாம். புதிய சாளரம் வைக்கலாம். வாடகை வீட்டில் வாழ்வோர் என்ன செய்ய இயலும்? குறைந்த மின்சாரத்தில், குறைந்த செலவில் வெப்பத்தைத் தணிக்கும் வழியைத் தேர்ந்தெடுப்பது எவ்வாறு? நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தை முன்வைத்து இப்பாடம் அதை ஆராய்கிறது.

கோயில் தரும் பாடம்

சித்திரை மாதத்து நண்பகல். காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றின் வெளிச்சுற்றில் வெறுங்காலுடன் நடக்கிறோம். கருங்கல் தளம் சுடுகிறது. கால் தரையில் பாவாமல் விரைகிறோம். பாதையில் நீளப் பூசப்பட்டிருக்கும் வெண்பூச்சின்மீது கால்வைத்ததும் சூடு தணிகிறது. அங்கிருந்து மண்டபத்திற்குள் நுழைந்தால் கல்லே குளிர்ந்திருக்கிறது. அதே வெயில், அதே கல். ஆயினும் மூன்று இடங்களில் மூன்று வகையான வெப்பத்தை நம் பாதங்கள் உணர்கின்றன.

இதற்குக் காரணம் எளியது. வெயிலில் கிடக்கும் கருங்கல் கதிரொளியை உறிஞ்சிச் சூடேறுகிறது. வெண்பூச்சு அவ்வொளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மண்டபத்துக் கூரையோ வெயில் தரையைத் தொடாமலே மறைத்துக்கொள்கிறது. திறந்த பக்கங்களின் வழியே காற்றும் உலவுகிறது. திருப்புதல், மறைத்தல், காற்றை உலவவிடுதல் ஆகிய இம்மூன்றும் மின்சாரம் வேண்டாத குளிர்ச்சி முறைகள். வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் நிற்பவர், எந்தக் கருவியும் இன்றி நண்பகலைக் கடக்கும் வழியை அங்கே கண்டுகொள்ளலாம்.

இலக்கியத்தில் பருவமும் வீடும்

பருவத்திற்கேற்ப வீட்டைப் பயன்படுத்தும் அறிவு தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை இயற்றியவர் நக்கீரர். கூதிர்க்காலத்து வாழ்வை அந்நூல் விரித்துரைக்கிறது. வேனிலில் தென்றல் புகுவதற்கென மேல்மாடத்தில் அமைத்த சாளரங்கள் குளிர்காலத்தில் அடைக்கப்பட்டுக் கிடக்கின்றன. கோடையில் கைகொடுத்த விசிறி பயனற்றுத் தொங்க, அதில் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. மக்கள் தடவு என்னும் கலத்தில் நெருப்பிட்டுக் குளிர்காய்கின்றனர். கதிரவனின் நிழலைக்கொண்டு திசையறிந்து அரண்மனைக்கு நிலம் குறித்த செய்தியும் அந்நூலில் உண்டு.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? முதலில் திசை, அடுத்துச் சாளரம், பின்னரே விசிறியும் நெருப்பும் என்பதே பழந்தமிழர் கண்ட முறை. நாம் இன்று அம்முறையைத் தலைகீழாக்கிவிட்டோம். புழுக்கம் தோன்றியதும் கடைக்குச் சென்று கருவி வாங்குகிறோம். வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை.

தறி இருக்கும் வீடு

காஞ்சிபுரத்தில் நெசவாளரின் வீடே அவரது தொழிற்கூடம். பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீட்டினுள்ளேயே குழித்தறி அமைந்திருக்கும். நெசவாளர் குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை மிதிக்கிறார். கைகள் நாடாவை வீசுகின்றன. சேலையின் உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை வேலைக்குத் துணையாள் ஒருவரும் அருகில் அமர்வார். மண்ணிலிருந்து எழும் ஈரம், இழை வறண்டு அறுந்துவிடாமல் காக்கத் துணைசெய்யும்.

இவர்களுக்கு உழைத்த நேரத்துக்கன்று, நெய்து முடித்த சேலைக்கே கூலி. பிற்பகல் வெப்பத்தில் தறியை விட்டு எழுந்தால் சேலை முடியும் நாள் தள்ளிப்போகும். எழாமல் அமர்ந்திருந்தால் உடல் சோரும். வியர்த்த கை பட்டுப் பட்டின் பொலிவு கெடும். ஆகவே, இங்கு வீட்டின் வெப்பம் வசதிக்குறைவு மட்டுமன்று. வருவாய் இழப்பும் ஆகும். அதே அறையில்தான் முதியோர் படுத்திருப்பர், குழந்தைகள் படிப்பர்.

பழைய நெசவாளர் வீடுகளில் உயர்ந்த ஓட்டுக்கூரையும் திண்ணையும் முற்றமும் இருந்தன. கூரையின் உயரத்தில் சூடான காற்று தங்கியது. ஓடுகளின் இடுக்குகளிலும் முற்றத்தின் வழியேயும் அது வெளியேறியது. அவ்வீடுகளைக் கட்டியோர் வெயிலைத் திண்ணையிலும் தாழ்வாரத்திலுமே தடுத்தனர். ஓடு மாற்றும் செலவும் மழைக்கால ஒழுக்கும் கான்கிரீட் தளத்தின்பால் மக்களை ஈர்த்தன. அத்தளம் மழையை நன்கு தாங்கியது. வெயிலைத் தாங்கி, அதை இரவுக்கென்று சேர்த்தும் வைத்தது.

வெப்பம் வரும் வழி

தமிழ்நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால், காஞ்சிபுரத்தில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் கதிரவன் நேர் உச்சியில் நிற்கிறான். எனவே, கோடையில் வீடு பெறும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரையின் வழியே இறங்குகிறது. அடுத்த நிலையில் இருப்பவை கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும். காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் கதிர்கள் அவற்றை நேராகத் தாக்குகின்றன.

தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் அளவு கதிராற்றல் விழுகிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள அறையின் கூரை சுமார் 11 சதுர மீட்டர். அப்படியாயின், 1000 வாட் மின்னடுப்புகள் பதினொன்றைக் கூரையின்மேல் எரியவிட்டதற்கு ஒப்பான ஆற்றல் அதன்மீது பொழிகிறது. சாம்பல்நிறக் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய வெப்பம் தளத்தின் கனத்தைக் கடந்து கீழே வரச் சில மணிநேரம் ஆகும். கதிரவன் மறைந்த பின்பும் கூரை அனல் கக்குவதற்கு இதுவே காரணம்.

இந்நிலையில் கூரையை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் குளிரூட்டியை வைப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது.

முதலில் தடுத்தல்

வெப்பத்தைத் தடுக்கும் வழிகளுள் முதன்மையானது கூரைக்கு வெள்ளையடித்தல். புதிதாகப் பூசிய வெண்பரப்பு தன்மீது விழும் ஒளியில் நான்கில் மூன்று பங்கு வரை திருப்பி அனுப்பவல்லது. சுண்ணாம்பு மலிவானது; ஆனால், மழையில் கரையும், தூசியும் பாசியும் படிந்தால் திறன் குறையும். எனவே, ஆண்டுதோறும் பங்குனி மாதத்திற்குள் தளத்தைக் கழுவி மீண்டும் பூசவேண்டும். வெப்பம் திருப்பும் வண்ணப்பூச்சுகள் விலை மிகுந்தவை. ஆயினும் சில ஆண்டுகள் நீடிக்கும்.

சிமெண்டு அட்டைக் கூரையாயின் இதன் பயன் இன்னும் விரைவில் தெரியும். மெல்லிய அட்டை வெப்பத்தை உடனே கீழே அனுப்புவதே காரணம். ஆனால், பழைய கல்நார் அட்டைகளைத் துளையிடுவதும் தேய்ப்பதும் உடைப்பதும் கூடா. அவற்றிலிருந்து எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு விளைவிக்கும்.

இரண்டாவது வழி, கிழக்கு மேற்குச் சாளரங்களுக்கு வெளிப்புறத்தில் நிழல் தருதல். மூங்கில் தட்டியையோ வெட்டிவேர்த் தட்டியையோ நிழல்வலையையோ சாளரத்திற்கு வெளியே தொங்கவிட வேண்டும். உட்புறத் திரையும் ஒளியைக் குறைக்கும். ஆனால், கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெப்பம் அறையிலேயே தங்கிவிடும். வாசலில் நிறுத்தப்பட வேண்டியதை வாசலிலேயே நிறுத்துவதே முறை.

மூன்றாவது வழி, நேரமறிந்து சாளரங்களைத் திறப்பது. வெளிக்காற்று உள்ளறையைவிடச் சூடாக இருக்கும் நண்பகலில் சாளரங்களைச் சாத்திவைக்க வேண்டும். மாலையில் கடற்காற்று எழுந்ததும் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்துவிட வேண்டும். இரவு முழுதும் அவை திறந்திருக்கச் சாளரங்களில் கொசுவலை பொருத்துவது இன்றியமையாதது. கொசுவுக்கு அஞ்சிச் சாளரத்தை அடைக்கும் வீட்டில் பகலின் வெப்பம் விடியும்வரை குடியிருக்கும்.

தெரிந்து தெளிவோம்

2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரைக் கடும் வெப்ப அலை தாக்கிப் பலரை மாய்த்தது. அதன் பின்னர் அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை உருவாக்கியது. எளிய மக்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெண்பூச்சுப் பூசும் பணியும் அங்கு மேற்கொள்ளப்பட்டது. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

பின்னர்க் கருவி

தடுக்க வேண்டியதைத் தடுத்த பின்னரே கருவியைப் பற்றி எண்ணவேண்டும். அவற்றுள் மின்விசிறி முதலிடம் பெறுகிறது. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை; வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியால் பயனொன்றும் இல்லை.

பழைய வகைக் கூரைவிசிறி ஏறத்தாழ 75 வாட் மின்திறனை எடுத்துக்கொள்கிறது. பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை மோட்டார் கொண்ட விசிறிக்கு ஏறத்தாழ 30 வாட் போதும். தறி ஓடும் வீட்டில் விசிறி நாளொன்றுக்கு 16 மணிநேரம் சுழல்வதாகக் கொண்டு, 60 நாள்களுக்கு உரிய கணக்கைப் பார்ப்போம்.

பழைய விசிறி ஒன்று: 75 × 16 × 60 = 72,000 வாட்மணி; அதாவது 72 யூனிட்.
புதுவகை விசிறி ஒன்று: 30 × 16 × 60 = 28,800 வாட்மணி; அதாவது சுமார் 29 யூனிட்.
ஒரு டன் குளிரூட்டி, சராசரியாக 700 வாட் எடுத்து இரவில் 8 மணிநேரம் ஓடினால்: 700 × 8 × 60 = 3,36,000 வாட்மணி; அதாவது 336 யூனிட்.

இரண்டு விசிறிகளை மாற்றினால் இரு மாதங்களில் 86 யூனிட் மிச்சமாகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதங்களுக்குக் குறிப்பிட்ட அளவு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. கைத்தறி நெசவாளர்க்கு இவ்வளவு 200 யூனிட்டாக இருந்து, 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. மேலே கண்ட குளிரூட்டி ஒன்று மட்டுமே அவ்வெல்லையைக் கடந்துவிடும். பயன்பாடு கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் படிப்படியாக உயரும் என்பதை மறத்தல் கூடாது.

நீர்க்குளிர்விப்பான் உலர்ந்த ஊர்களுக்கு ஏற்றது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊரில் நீர் எளிதில் ஆவியாகாது. எனவே, குளிர்ச்சியும் குறைவு. தறியுள்ள அறையில் ஈரக்காற்றை ஓயாது செலுத்துவது பட்டுக்கும் சரிகைக்கும் உகந்ததன்று. இழை சிறிது ஈரத்தை விரும்பும், நனைவதை விரும்பாது.

நோயாளிகளும் முதியோரும் கைக்குழந்தைகளும் உள்ள வீட்டிற்குக் குளிரூட்டி தேவைப்படலாம். அது ஆடம்பரமன்று. அப்போது எரிசக்தித் திறன் செயலகம் வழங்கும் விண்மீன் குறியீட்டைப் பார்த்து வாங்கவேண்டும். விண்மீன்கள் மிகுந்தால் மின்செலவு குறையும். அறையின் அளவுக்கு ஏற்றதைத் தேர்ந்து, 24 பாகை அளவில் ஓடவிட்டு, உடன் விசிறியையும் மெல்லச் சுழலவிட்டால் குறைந்த மின்சாரத்தில் நிறைந்த பயன் கிட்டும்.

காற்றின் வெப்பம் உடலின் வெப்பத்தைக் கடந்த நாள்களில் விசிறியை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. அடிக்கடி நீர் அருந்துதலும் ஈரத்துணியால் உடலைத் துடைத்தலும் உச்சிவேளையில் ஓய்வெடுத்தலும் உயிர்காக்கும் செயல்கள்.

குளிருக்கும் அதே நெறி

வெப்பத்திற்குச் சொன்ன நெறி குளிருக்கும் பொருந்தும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாடகை வீட்டில் வாழ்வோர்க்கு மார்கழி, தை மாதங்கள் கடுமையானவை. அங்கும் முதற்பணி வெப்பமூட்டி வாங்குவதன்று. கதவிடுக்குகளை அடைப்பதும், சாளரங்களுக்குக் கனத்த திரையிடுவதும், பகல் வெயிலை உள்ளே விட்டு மாலையில் மூடுவதுமே. அறை முழுவதையும் சூடாக்க 1000 முதல் 2000 வாட் வரை எடுக்கும் மின்கருவியைவிட, கம்பளியும் வெந்நீர்ப் பையும் ஆளை நேரடியாகக் காக்கும்.

மூடிய அறையில் கரியடுப்பு மூட்டித் தூங்குவது பேராபத்து. அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, நிறமற்றது. உறங்குவோரை விழிக்கவிடாமலே கொல்லும். பனி பெய்யும் நாடுகளிலும் சுவருக்கும் கூரைக்கும் காப்பிட்டு வெப்ப இழப்பைக் குறைப்பதே முதற்படி. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே ஏற்றிவிடும் வெப்ப ஏற்றிகள் அங்குப் பரவிவருகின்றன. அக்கருவி, தான் எடுக்கும் மின்னாற்றலைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தைத் தரவல்லது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும் காப்பில்லாத வீட்டில் அதன் உழைப்பு வீணே.

இரு கை சேர்ந்தால் ஓசை

இத்தனை எளிய வழிகள் இருந்தும் அவை ஏன் பரவவில்லை? வாடகை வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. கூரைக்கு வெள்ளையடிக்கும் செலவு உரிமையாளருடையது. குளிர்ச்சியும் மின்கட்டணக் குறைவும் குடியிருப்போர்க்குரியவை. செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு என்றிருப்பதால் இருவருமே வாளாவிருக்கின்றனர். ‘அடுத்த ஆண்டு வேறு வீட்டுக்குப் போகப்போகிறோம், நமக்கேன்?’ என்று குடியிருப்போர் கருதுகின்றனர். ‘வாடகை வந்துகொண்டுதானே இருக்கிறது’ என்று உரிமையாளர் கருதுகின்றார். கூரை கருத்த நிறத்திலேயே காய்கிறது.

இம்முடிச்சை அவிழ்க்க, செய்யவேண்டியவற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். விசிறி, தட்டி, திரை, நிழல்வலை, கழற்றக்கூடிய கொசுவலை ஆகியன வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்லத்தக்கவை. இவற்றைக் குடியிருப்போர் தயக்கமின்றி வாங்கலாம். புதிய வீட்டிலும் இவை பயன்தரும். பழைய விசிறியைக் கழற்றி வைத்திருந்து, காலி செய்யும்போது மீண்டும் மாட்டிக் கொடுப்பது நன்முறை. கூரைப்பூச்சு, சுவரில் காற்றுப்போக்கி அமைத்தல் போன்றவை வீட்டோடு தங்குபவை. இவற்றிற்கு உரிமையாளரின் இசைவும் பங்களிப்பும் வேண்டும்.

அவரிடம் பேசும்போது அவருக்குள்ள நன்மையை எடுத்துரைக்க வேண்டும். பகலில் சூடேறி விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் வெடிப்புகள் தோன்றும். மழைநீர் அவற்றின் வழியே இறங்கும். வெண்பூச்சு அவ்விரிவையும் சுருக்கத்தையும் குறைத்துத் தளத்தின் ஆயுளைக் கூட்டுகிறது. ‘சுண்ணாம்பை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், பூசும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று உழைப்பைப் பங்காக அளிக்கலாம். செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் கேட்கலாம். எவ்வகையில் முடிவு செய்தாலும் அதை எழுத்தில் பதிந்துகொள்வது இருவர்க்கும் நலம். 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிலக்கிழார் மற்றும் குத்தகைக்காரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை உடன்படிக்கை எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் நெறி. வாடகையும் முன்பணமும் எழுதப்படும் அத்தாளில் கூரைக்கு வெள்ளையடிக்கும் பொறுப்பு யாருடையது என்ற ஒரு வரியும் இடம்பெறலாம்.

நிறைவாக

வீடு பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் காலையிலோ மாலையிலோ செல்கின்றனர். வாடகையையும் தண்ணீர் வசதியையும் கேட்டறிகின்றனர். ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்குச் சென்று பார்க்கட்டும். கூரையின் அடிப்பகுதியைக் கையால் தொட்டுப் பார்க்க இயலாவிடினும், அதன்கீழ்ச் சிறிது நேரம் நின்று பார்க்கட்டும். மேற்குச் சாளரத்திற்கு நிழல் உண்டா, எதிர்ச்சாளரம் திறக்கிறதா என்று நோக்கட்டும். அந்த ஒரு பிற்பகல், வரவிருக்கும் பல கோடைகளின் மின்கட்டணத்தைச் சொல்லிவிடும்.

கோயில் வெளிச்சுற்றில் பூசிய வெண்பாதை அதைப் பூசியவருக்கு மட்டும் உரியதன்று. நாளை வருவோர் பாதங்களையும் அது காக்கும். வாடகை வீட்டுக் கூரையில் பூசும் சுண்ணாம்பும் அத்தகையதே. நாம் நீங்கிய பின் அவ்வீட்டில் தறியிடும் இன்னொரு குடும்பத்திற்கும் அது நிழலாகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் ஓடும் மின்கருவிகளின் வாட் அளவைக் குறித்துக்கொண்டு, இரு மாதங்களுக்கான யூனிட் கணக்கை எழுதுக. மின்கட்டண அட்டையுடன் ஒப்பிடுக.
2. வெள்ளைத் துணி, கருப்புத் துணி இரண்டையும் ஒரே அளவாகக் கொண்டு வெயிலில் விரித்து, அரைமணி நேரம் கழித்துத் தொட்டறிந்த வேறுபாட்டை வகுப்பில் பகிர்க.
3. கூரைக்கு வெள்ளையடிக்க இசைவு வேண்டி வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுக.

மொழியை ஆள்வோம்

இலக்கணக் குறிப்பு
வெண்பூச்சு, கருங்கல் – பண்புத்தொகைகள்
திண்ணையும் முற்றமும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்
தடுத்தனர் = தடு + த் + த் + அன் + அர்
தடு – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. கோடையில் காஞ்சிபுரத்து வீடு பெறும் வெப்பத்தில் பெரும்பங்கு இறங்கும் வழி
அ) தெற்குச் சுவர் ஆ) கூரை இ) தரை ஈ) வடக்குச் சாளரம்
2. நெடுநல்வாடையை இயற்றியவர்
அ) கபிலர் ஆ) நப்பூதனார் இ) நக்கீரர் ஈ) மாங்குடி மருதனார்
3. வாடகை வீடு மாறும்போது உடன் எடுத்துச் செல்ல இயலாதது
அ) மூங்கில் தட்டி ஆ) மின்விசிறி இ) நிழல்வலை ஈ) கூரைப்பூச்சு

குறுவினா
1. விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை எனக் கூறுவது ஏன்?
2. குழித்தறியில் மண்ணின் ஈரம் செய்யும் துணை யாது?
3. மூடிய அறையில் கரியடுப்பு மூட்டுதல் ஆபத்தானது ஏன்?

சிறுவினா
1. கோயிலின் வெளிச்சுற்றும் மண்டபமும் உணர்த்தும் குளிர்ச்சி முறைகளை விளக்குக.
2. ‘செலவு ஒருவருக்கு, பயன் மற்றொருவருக்கு’ – பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா
வாடகை வீட்டில் வாழும் நெசவாளர் குடும்பம் குறைந்த மின்சாரத்தில் வேனிலை எதிர்கொள்ளும் வழிகளைத் தொகுத்து, அவற்றை எவ்வரிசையில் மேற்கொள்ள வேண்டும் என்பதைக் காரணங்களுடன் எழுதுக.